உடற்பருமன் அறுவையும் மருந்துச் செலவும்

மிகுந்த உடற்பருமன் உடையோர்க்கு இரைப்பையைச் சிறிதாக்கியோ, உணவு செல்லும் வழியை மாற்றியோ செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்கு ஆதரவாக ஒரு வாதம் கூறப்படுவதுண்டு. தொடக்கத்தில் பெருந்தொகை செலவானாலும், பின்னர் மருந்துச் செலவு குறைந்து அத்தொகை ஈடாகிவிடும் என்பதே அது. மருந்துச் செலவு குறைவது உண்மை. ஈடாகிவிடும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

சுவீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வொன்று, அறுவை பெற்ற 2,010 பேரையும் வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரையும் நெடுங்காலம் கண்காணித்தது. 2012-இல் வெளியான அதன் கணக்குப்படி, ஏழாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை அறுவை பெற்றவரின் சராசரி மருந்துச் செலவு ஆண்டொன்றுக்கு 930 டாலர். மற்றவருக்கு 1,123 டாலர். ஆனால் இருபது ஆண்டுகளில் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் முன்னவருக்கு 54, பின்னவருக்கு 40. (அவ்வாய்வில் பெரிதும் கையாளப்பட்ட அறுவை முறை இன்று ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது என்பதையும் கருத வேண்டும்.) அமெரிக்காவில் காப்பீடு பெற்ற 29,820 பேரைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்விலும் மருந்துச் செலவு குறைந்தது, உள்நோயாளிச் செலவு கூடியது, மொத்தச் செலவு குறையவில்லை.

முதலில் குறைவன நீரிழிவு மருந்துகளே. உணவுப் பாதை மாற்றப்பட்டபின் உணவு விரைந்து சிறுகுடலை அடைகிறது. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குடல் இயக்குநீர்கள் பெருகுகின்றன. எடை குறையுமுன்னரே, சில நாட்களில் சர்க்கரை அளவு இறங்கிவிடுவதுண்டு. எனினும் சுவீடன் ஆய்வில் இரண்டாம் ஆண்டில் நீரிழிவிலிருந்து விடுபட்டிருந்தோர் 72 விழுக்காடு. பதினைந்தாம் ஆண்டில் அது 30 விழுக்காடாகச் சுருங்கியது.

அதே ஆய்வைக் கொண்டு 2015-இல் செய்யப்பட்ட பகுப்பு இன்னும் தெளிவானது. முன்பே நீரிழிவு இருந்தவரிடம் பதினைந்து ஆண்டு மொத்தச் செலவில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மருந்தில் மிச்சமானது அறுவைச் செலவைத் தாங்கிக்கொண்டது. சர்க்கரை அளவு இயல்பாக இருந்தவரிடமோ அறுவை பெற்றோருக்கே செலவு மிகுதி. ஆகவே, பொதுப் பணத்தைப் பொறுத்தவரை, எடையைவிட நோயே சிறந்த அளவுகோல். அறுவையின் பயன் பணத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பது வேறு. சுவீடனில் இறப்பும் குறைந்தது.

இந்தியாவில் நீரிழிவுடையோர் 10.1 கோடி என 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இங்குச் சாதாரண நீரிழிவு மாத்திரைகள் மலிவானவை. அவற்றை நிறுத்துவதால் மிச்சமாவது சிறுதொகையே. நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொள்பவருக்குத்தான் மிச்சம் பெரிது. மேலும், அறுவைக்குப் பின் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, உயிர்ச்சத்து பி12, டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கும் செலவை மட்டுமே ஏற்கின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டமும் வீடு திரும்பியபின் 15 நாள் மருந்துக்கே வழிசெய்கிறது. பதினாறாம் நாள் முதல் அச்செலவு குடும்பத்தைச் சேர்கிறது. பணமின்றியோ, நலமாகிவிட்டோம் என்ற எண்ணத்திலோ பி12-ஐ நிறுத்திய நோயாளி, சில ஆண்டுகளில் சோகையோடும் நரம்புத் தளர்ச்சியோடும் மருத்துவமனைக்குத் திரும்ப நேரிடலாம்.