மலேசியாவில் எடுத்த பணம் சிபிலில் ஏறுமா?

கேள்வி: மலேசியா போன என் மகன், இங்குள்ள வங்கியின் கிரெடிட் கார்டைப் போட்டு அங்கே ஏடிஎம்மில் 20,000 ரூபாய்க்குப் பணம் எடுத்துவிட்டான். வீட்டுக்கடன் கேட்க இருக்கிறோம். சிபில் ஸ்கோர் அடிபடுமா?
– வாசகி, பந்தல்குடி

பதில்: வெளிநாட்டில் ரொக்கம் எடுத்ததற்காக மட்டும் ஸ்கோர் குறையாதம்மா. எந்த ஊரில் எடுத்தார் என்பதை வைத்து மதிப்பெண் போடுவதில்லை. கார்டின் வரம்பு, நிலுவை, கட்டத் தவறிய நாட்கள் ஆகியவைதான் முக்கியம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் தேய்த்தால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓடும். ரொக்கக் கட்டணம் 2.5%, அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5% என்று வைத்தால் 1,200 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி 216. ஆக, முதல் நாளே 1,416 ரூபாய் போய்விடும். மாத வட்டி பல கார்டுகளில் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. வரம்பு 50,000 என்றால் நிலுவை அதில் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். 30க்குள் இருப்பதே நல்லது.

பில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மகனை இன்றே வங்கிச் செயலியில் கட்டச் சொல்லுங்கள். கட்டிய பிறகும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் வரும். பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தச் சில்லறைத் தொகையைக் கட்டாமல் விட்டாலும் தவணை தவறியதாகப் பதிவாகும்.

சிபில் இணையதளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். நிலுவை தீர்ந்தது அதில் பதிவான பிறகு கடனுக்கு விண்ணப்பியுங்கள்.