பழைய மாளிகையின் சாளரங்கள்

நியூயார்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் மாளிகை 1931ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. 102 அடுக்குகளை உடையது. நெடுங்காலம் உலகிலேயே உயரமான கட்டடமாக விளங்கிய அதற்கு, ஆற்றல் செலவும் அவ்வாறே மிகுதியாக இருந்தது. ஆகவே, அதனைப் புதுப்பிக்கும் திட்டம் 2009இல் வெளியிடப்பட்டது.

அம்மாளிகையின் சாளரங்கள் 6,514. அவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதே எளிய வழி என்று எவரும் எண்ணுவர். அவர்களோ மாளிகைக்குள்ளேயே பட்டறை அமைத்தனர். பழைய கண்ணாடிகளைக் கழற்றித் தூய்மை செய்து, இரு கண்ணாடிகளுக்கு இடையே மெல்லிய படலமும், வெப்பத்தை எளிதிற் கடத்தாத வளியும் சேர்த்து மீண்டும் பொருத்தினர். குளிர்காலத்தில் நீராவியால் அறையைச் சூடேற்றும் குழாய்களின் பின்னே, வெப்பம் சுவர்வழி வெளியேறாவண்ணம் தடுப்பும் வைத்தனர். 2011இல் ‘லீட்’ என்னும் பசுமைச் சான்றிதழில் தங்கநிலை அம்மாளிகைக்குக் கிடைத்தது.

சான்றிதழ், விரும்பியோர் பெறுவது. விரும்பாதார் வாளா இருந்துவிடலாம். ஆனால் அந்நகரின் காற்றிற் கலக்கும் கரியமில வாயுவிற் பெரும்பகுதி கட்டடங்களாலேயே உண்டாகின்றது. எனவே நகர்மன்றம் 2019இல் சட்டம் இயற்றியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் வரம்பு உண்டு. மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் வரை தண்டம். சான்றிதழ், பெற்ற நாளின் நிலையைக் கூறும். சட்டமோ ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும். சுவரில் மாட்டிய தங்கப் பட்டயம் அக்கணக்கிற் செல்லாது.

பெரிய மாளிகையின் உரிமையாளர் இச்செலவைத் தாங்குவர். குடியிருப்போரே கூட்டாக உரிமை கொண்ட பழைய அடுக்கு வீடுகளிலோ, பழுதுபார்க்கும் பணத்திற்கு எங்கே போவது என்ற முறையீடு எழுந்துள்ளது. 2030 முதல் வரம்பு மேலும் இறுகும்.