கொள்ளிடத்து ஓடமும் குட்டி விமானமும்

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



தஞ்சாவூர்க்காரர்களுக்கு விமானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெரிய கோயில் விமானம்தான். ஆயிரம் வருஷமாக அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அடுத்து வானத்தில் இரைச்சலோடு போகிற போர் விமானம். தஞ்சையில் 2013-ல் விமானப்படைத் தளம் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவும் வந்து சேர்ந்தது. நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சத்தம் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

இந்தக் கட்டுரை இவை இரண்டையும் பற்றியது அல்ல. ஒரே எஞ்சின், இரண்டோ நான்கோ இருக்கைகள், முன்னால் சுழலும் விசிறி, இவ்வளவே உள்ள குட்டி விமானத்தைப் பற்றியது. அதைச் சம்பளத்துக்கு இல்லாமல் சொந்த ஆசைக்காக ஓட்டுகிறவரைத் தனியார் விமானி என்பார்கள். அவர் எப்படி வழி தவறாமல் போகிறார் என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதை எழுதக் காரணம் ஒரு அரியர்.

அரியர் வந்த கதை

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வயல் வேலை செய்கிறவர்கள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, ‘ரிலேட்டிவ் வெலாசிட்டி’ என்று போர்டில் எழுதியதைப் பார்த்து பயந்து போனேன். கேள்வி கேட்டால் சிரிப்பார்களோ என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மெக்கானிக்ஸ் பேப்பரில் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. ரிசல்ட் வந்தபோது அந்தப் பேப்பர் அரியர். வீட்டில் ஒரு வாரம் சொல்லவில்லை.

பிறகு நூலகத்தில் விமானம் ஓட்டுவது பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. படம் பார்க்கத்தான் எடுத்தேன். அதில் காற்று முக்கோணம் என்று ஒரு படம் இருந்தது. பார்த்ததும் எங்கள் மாமா ஞாபகம் வந்தது.

மாமாவின் கணக்கு

மாமா கொள்ளிடத்தில் ஓடம் விட்டவர். தண்ணீர் வரும் மாதங்களில் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போவார். சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன்:

“ஏன் மாமா, நாம போக வேண்டியது எதிர்க்கரை அரசமரம். நீங்க மேற்கே பார்த்து ஓடத்தைத் திருப்புறீங்களே?”

“தண்ணி சும்மாவா இருக்கும் மாப்ள? அது கிழக்கே தள்ளும்ல. அது தள்ளுறதையும் சேர்த்துக் கணக்கு போட்டாத்தான் அரசமரத்துல இறங்கலாம். மரத்தையே பார்த்துப் போனா சுடுகாட்டுத் துறையிலதான் இறங்கணும்.”

ரிலேட்டிவ் வெலாசிட்டி என்பது இவ்வளவுதான். ஓடத்துக்குத் தண்ணீர் எப்படியோ, விமானத்துக்குக் காற்று அப்படி. விமானம் ஓடுவது காற்றுக்குள்ளே. அந்தக் காற்றே நகர்ந்தால் விமானமும் சேர்ந்து நகரும். ஆகவே மூன்று அம்புக்குறிகள் வரைய வேண்டும். ஒன்று, காற்றோடு ஒப்பிட்ட விமானத்தின் வேகமும் மூக்கு பார்க்கும் திசையும். இரண்டு, காற்றின் வேகமும் திசையும். இவை இரண்டையும் கூட்டினால் வருவது மூன்றாவது, அதாவது தரையின் மேல் விமானம் உண்மையில் போகும் பாதை.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம்

இப்போது ஒரு கணக்கு போடுவோம். இது தாளில் மட்டும்தான். வழியில் தஞ்சைப் போர் விமானத் தளம் இருப்பதால் நிஜத்தில் அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது.

வரைபடத்தைப் பாருங்கள். திருச்சி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே நாகப்பட்டினம் இருக்கிறது. தூரம் சுமார் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திருச்சி ஓடுபாதையின் ஒரு முனைக்கு எண் 09. அதற்கு 90 டிகிரி, அதாவது கிழக்கு என்று அர்த்தம். நமது குட்டி விமானத்தின் வேகம் மணிக்கு 180 கி.மீ. நிமிஷத்துக்கு 3 கி.மீ. காற்றே இல்லாவிட்டால் 40 நிமிஷத்தில் நாகை வந்துவிடும்.

இப்போது தெற்கிலிருந்து மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் தென்றல் வீசுகிறது. (விமானிகளும் நம்மைப் போலவே காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைத்தான் சொல்கிறார்கள். நாம் தென்றல், வாடை, கொண்டல் என்று சொல்வதும் அப்படித்தானே!) விமானி இதைக் கவனிக்காமல் மூக்கைக் கிழக்கே வைத்து 40 நிமிஷம் போகிறார். அந்த நேரத்தில் காற்று அவரை வடக்கே 20 கி.மீ. தள்ளியிருக்கும். கீழே பார்த்தால் கடற்கரை இருக்கும், ஊரும் இருக்கும். ஆனால் அது நாகை அல்ல, காரைக்கால்! 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அந்தக் காலமாக இருந்தால் தெரியாமலே வேறு நாட்டுக்குப் போயிருப்பார்.

இதற்குத் திருத்தம் என்ன? மாமா செய்ததுதான். மூக்கைக் காற்று வரும் பக்கம், அதாவது தெற்கே கொஞ்சம் திருப்ப வேண்டும். எவ்வளவு? 30-ஐ 180-ஆல் வகுத்தால் ஆறில் ஒரு பங்கு. அதை சைன் மதிப்பாகக் கொண்ட கோணம் சுமார் 10 டிகிரி. ஆக 90-க்குப் பதில் 100 டிகிரி பார்த்துப் பறக்க வேண்டும். திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் சிறு வித்தியாசம் உண்டு. நம் பகுதியில் அது ஒன்றிரண்டு டிகிரிதான். தேர்வுக்கு அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிச் சாய்ந்து போவதால் நேரம் எவ்வளவு வீணாகும்? பிதாகரஸ் தேற்றம் போட்டுப் பாருங்கள். தரை வேகம் 180-லிருந்து சுமார் 177.5 ஆகிறது. கூடுதல் நேரம் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான்! அரை நிமிஷம் கொடுத்தால் நாகை. கொடுக்காவிட்டால் 20 கி.மீ. தள்ளி வேறு ஊர்.

எதிர்க்காற்று வேறு விதம். அதே 30 கி.மீ. காற்று கிழக்கிலிருந்து கொண்டலாக வந்தால் போக 48 நிமிஷம், திரும்ப சுமார் 34 நிமிஷம். மொத்தம் 82. காற்றில்லாத நாளில் 80. போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்று நினைப்போம். முழுசாகப் பிடிக்க முடியாது. ஏனென்றால் எதிர்க்காற்றில் இருக்கும் நேரம்தான் அதிகம். இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் மணிக்கு சுமார் 23 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். பகலில் குறைந்தது அரை மணி நேரப் பெட்ரோலாவது மிச்சம் இருக்கும்படிப் புறப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே இந்தக் கணக்கு மார்க்குக்கு மட்டும் அல்ல, உயிருக்கும்தான்.

இப்படிப் பறந்த ஒருவர்

இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை 1929 பிப்ரவரி 10-ல் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாடா. 1904-ல் பாரிஸில் பிறந்தவர், தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. சிறுவயது விடுமுறைகளை வட பிரான்சில் ஹார்டலோ என்னும் கடற்கரையில் கழித்தார். 1909-ல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவின் குடும்பம் அங்கே பக்கத்தில் இருந்தது. அந்த மணலில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்தது.

1932 அக்டோபர் 15-ல் ஒற்றை எஞ்சின் ‘பஸ் மாத்’ விமானத்தில் தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அகமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில்! பம்பாயிலிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வழிகாட்ட ரேடியோ கிடையாது. வரைபடம், திசைகாட்டி, கைக்கணக்கு, இவைதான் துணை. 1982-ல் தமது 78-ஆம் வயதில் அதே கராச்சி–பம்பாய் வழியில் குட்டி விமானத்தைத் தாமே மறுபடி ஓட்டிக் காட்டினார்.

நம்மால் முடியுமா?

நம் நாட்டில் தனியார் விமானி உரிமத்துக்கு வயது 17 நிரம்ப வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். மருத்துவச் சோதனை, எழுத்துத் தேர்வு, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் உண்டு. பிரான்சில் 45 மணி. இரண்டு நாட்டிலும் ஒரு தனிப் பயணம் கட்டாயம். ஆசிரியர் இல்லாமல் 150 கடல் மைல், அதாவது சுமார் 278 கி.மீ. பறந்து, வழியில் வேறு இரண்டு விமானத் திடல்களில் இறங்கிக் காட்ட வேண்டும்.

பிரான்சில் சிறு ஊர்களில்கூடப் பறக்கும் கழகங்களும் திடல்களும் உண்டு. பல திடல்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. விமானிகளே தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சில இடங்களில் அதைப் பிரெஞ்சு மொழியில்தான் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலிருந்து வருகிற விமானியும் நாலு பிரெஞ்சு வாக்கியங்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் இறங்க வேண்டும். தெரியாத மொழியில் தடுமாறுவது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல என்று இதைப் படித்தபோது ஒரு ஆறுதல்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வயதும் படிப்பும் எனக்கு இருக்கிறது, பணம் இல்லை. பயிற்சிக்கு லட்சக்கணக்கில் செலவாகும். அப்பாவின் கூலியில் அது நடக்காது. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். அரியர் பரீட்சையில் ஆற்றைக் கடக்கும் படகு பற்றியே கேள்வி வந்தது. சிரித்துக்கொண்டே எழுதினேன். பாஸ்.

என்னைப் போல் கடைசி பெஞ்சில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்வது இதுதான்: புரியாததை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கேட்க ஆகும் நேரம் அரை நிமிஷம். கேட்காமல் விட்டதால் எனக்கு ஆறு மாதம் போயிற்று.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் படம் வரைந்து காட்டினேன். விமானம் ஓட்டுகிறவரும் உங்களைப் போலத்தான் மூக்கைத் திருப்பிப் போகிறார் என்றேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப அவனும் நம்ம தொழில்காரன்தான்னு சொல்லு” என்றார்.