கணினியின் மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் எழுதும்போது நாம் முதலில் தடுமாறுவது சொல் வரிசையில்தான். கணினிக்கும் இதே தொல்லை உண்டு. ஆங்கில வரிசைப்படியே எழுதினால் ‘சிறுமி – போனாள் – கு – நூலகம்’ என்று வரும். தமிழில் பயனிலை இறுதியில் வர வேண்டும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வர வேண்டும்.

இதற்காக ஒரு வழி கண்டார்கள். மொழிபெயர்க்கும் முன்பே ஆங்கில வாக்கியத்தைப் பகுத்து, எழுவாய் எது, பயனிலை எது என்று கணினி அறிந்துகொள்ளும். பிறகு விதிப்படி சொற்களை இடம் மாற்றும். ‘சிறுமி – நூலகம் – கு – போனாள்’ என்று ஆனதும், ‘சிறுமி நூலகத்துக்குப் போனாள்’ என எழுதுவது எளிது. பகுப்பதில் பிழை நேர்ந்தால் வரிசையும் பிழையாகிவிடும்.

அனந்தகிருஷ்ணன் இராமநாதன், புஷ்பக் பட்டாச்சார்யா முதலியோர் ஆங்கிலம்–இந்தி மொழிபெயர்ப்பில் இம்முறையைக் கையாண்டு, 2008-இல் ஐதராபாத் மாநாட்டில் அதை விளக்கினார்கள். சொல் வரிசையை மாற்றியதாலும், இந்திச் சொற்களின் விகுதிகளைத் தனியே பிரித்ததாலும் மொழிபெயர்ப்பு நன்கு சிறந்தது. தமிழுக்காக, பிராகு நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் இராமசாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் விவிலியம், திரைப்படச் செய்தி, நாளிதழ்ச் செய்தி ஆகியவற்றிலிருந்து ஆங்கில–தமிழ் வாக்கிய இணைகளைத் தொகுத்தார்கள்.

சரி, மொழிபெயர்ப்பு சிறந்தது என்று எப்படி அறிவது? ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கிஷோர் பாப்பினேனியும் மற்றவர்களும் 2002-இல் ‘புளூ’ என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். மனிதர் செய்த மொழிபெயர்ப்பை விடைத்தாளாக வைத்துக்கொண்டு, கணினியின் விடையில் எத்தனை சொற்கள், எத்தனை இரு சொல் தொடர்கள் என்று நான்கு சொல் தொடர் வரை ஒத்துப் பார்ப்பார்கள். விடை குறுகிப்போனால் மதிப்பெண் குறையும்.

இதை நான் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். எளிமைக்காக இரு சொல் தொடர் வரை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

சரியான விடை: விளக்கு எரியும்போது கதவைத் திறக்காதே.

முதல் கணினி: விளக்கு எரியும்போது கதவைத் திற.
சொற்கள் 4-க்கு 3. இரு சொல் தொடர்கள் 3-க்கு 2.

இரண்டாம் கணினி: கதவை விளக்கு எரியும்போது திறக்காதே.
சொற்கள் 4-க்கு 3. இரு சொல் தொடர்கள் 3-க்கு 1.

முதல் கணினி முந்திவிட்டது! ஆனால் அது சொன்னது நேர்மாறான பொருள். இரண்டாவது பொருளைச் சரியாகச் சொல்லியும் பின்தங்கியது. ஏன்? தமிழில் ஐ உருபு இருப்பதால் ‘கதவை’ எங்கே நின்றாலும் அதுவே செயப்படுபொருள். அளவுகோலுக்கு அது தெரியாது. வலி மிகுந்த ‘கதவைத்’ வேறு, ‘கதவை’ வேறு என்றே அது எண்ணும். ‘திறக்காதே’ என்பதிலுள்ள எதிர்மறை ஓர் உயிரைக் காக்கக்கூடியது என்பதையும் அது அறியாது.

அளவுகோல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வாக்கியங்களைச் சேர்த்து எண்ணும்போது இரண்டு கருவிகளில் எது மேல் என்று விரைவில் காட்டுகிறது. ஒரே ஒரு வாக்கியத்தை நம்புவதற்கோ அது போதாது.

கூகுள் நிறுவனம் 2017-இல் தமிழுக்கும் நரம்பணு வலைப்பின்னல் முறையைக் கொண்டுவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு 2023-இல் இந்திய மொழிகளுக்கான ‘இண்டிக்டிரான்ஸ்2’ என்பதை வெளியிட்டது. இவை விதிகள் எழுதித் தராமலே, ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து சொல் வரிசையைத் தாமே கற்கின்றன. ஆயினும் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல மனிதர் வேண்டும்.

நம் ஊரோ சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊர். எச்சரிக்கைப் பலகையில் ‘ஆதே’ என்ற ஈறு விடுபட்டால் என்ன ஆகும் என்று நம் பெற்றோருக்குத் தெரியும். ஆகவே தோழியரே, இலக்கண வகுப்பில் வேற்றுமையும் எதிர்மறையும் எதற்கு என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். கணினியின் விடைத்தாளைத் திருத்த வேண்டியவர்கள் நாம்தான்.