பழைய நிலப்படம்

ஒரு நாட்டை அறிய விரும்புவோர் அதனை இரு வழிகளில் அறியலாம். கால்நடையாகச் சென்று காண்பது ஒரு வழி; நிலப்படத்தை விரித்து வைத்து ஆய்வது மற்றொரு வழி. நடந்து செல்வோர் இன்றுள்ள நாட்டையே காண்பர். பழைய நிலப்படத்தை ஆய்வோரோ, நானூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த நாட்டையும் காண்பர். பின்னாளில் வற்றிப்போன ஏரியும், கடலால் விழுங்கப்பட்ட நகரமும் அப்படத்தில் அழியாமல் நிற்கும். ஆயினும், எழுத்தறியாதவருக்கு ஏடு பயன்படாதது போலக் குறியறியாதவருக்கு நிலப்படமும் பயன்படாது. ஆதலின், அதன் குறிகளைக் கற்றுக்கொள்ளுதல் முதற்கடமையாகும். இதற்கு இங்கிலாந்தின் பழைய கவுண்டிப் படங்கள் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இங்கிலாந்து நாடு பன்னெடுங்காலமாகக் கவுண்டிகள் என்னும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கவுண்டியும் ஏறத்தாழ நம் நாட்டு மாவட்டத்தைப் போன்றது. பதினாறாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரையில் அக்கவுண்டிகளை முறையாகக் காட்டும் படத்தொகுதி ஒன்றும் இல்லை. முதலாம் எலிசபெத் அரசியார் ஆண்ட காலத்தில் அக்குறை நீங்கிற்று. யார்க்ஷயரைச் சேர்ந்த கிறிஸ்டபர் சாக்ஸ்டன் என்பவர் அப்பெரும்பணியை மேற்கொண்டார். தாமஸ் செக்போர்டு என்னும் அரசாங்க அலுவலர் அவருக்குப் பொருளுதவி புரிந்தார். அரசியாரின் முதன்மை அமைச்சரான பர்லி பிரபு அப்பணியில் பெரிதும் ஆர்வம் காட்டினார்.

சாக்ஸ்டன் ஏறத்தாழ 1574 முதல் 1578 வரை இங்கிலாந்தையும் வேல்ஸ் நாட்டையும் சுற்றி அளந்தார். அந்நாளில் இப்பணி எளிதன்று. நல்ல சாலைகள் குறைவு. மொழியும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. 1576-இல் அவர் வேல்ஸ் நாட்டுக்குப் புறப்பட்டபோது, அரசியாரின் ஆலோசனைச் சபை அவருக்கு ஓர் ஆணைமடல் வழங்கிற்று. நாட்டைக் கண்டறிவதற்கு ஏற்ற கோபுரம், கோட்டை, மேடு, குன்று ஆகியவற்றுக்கு அவரை அழைத்துச் செல்லுதல் வேண்டும். அப்பகுதியை நன்கறிந்த நேர்மையான இருவர் மூவர் உடன் செல்லுதல் வேண்டும். ஓர் ஊரை விட்டு நீங்கும்போது, வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் அறிந்த குதிரைவீரர் ஒருவர் அடுத்த சந்தையூர் வரை வழித்துணையாதல் வேண்டும் என்று அம்மடல் பணித்தது. ஆகவே, அப்படங்களில் காணும் ஊர்ப்பெயர்களுள் பல, குன்றின் மீது நின்று கைநீட்டிக் காட்டிய உள்ளூர் மக்களின் வாய்ச்சொல்லாக வந்தவை எனக் கருதலாம். அம்மக்களின் பெயர்கள் படத்தில் இல்லை. அவர்கள் சொன்ன பெயர்கள் நிலைத்துவிட்டன.

சாக்ஸ்டனின் படத்தொகுதி 1579-இல் நூலாக வெளிவந்தது. முப்பத்துநான்கு கவுண்டிப் படங்களும், நாடு முழுவதையும் காட்டும் ஒரு படமும் அதில் இருந்தன. அவை செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. செதுக்குவோர் கூரிய உளியால் கோடுகளையும் எழுத்துகளையும் இடவலம் மாற்றித் தகட்டில் வெட்டுவர். வெட்டிய பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து அழுத்துவர். அச்சாகி வரும் படம் கருநிறக் கோடுகளால் அமைந்தது. வண்ணம் வேண்டுமாயின் தூரிகை கொண்டு கையால் தீட்டுதல் வேண்டும். சாக்ஸ்டனின் தகடுகளைச் செதுக்கியோருள் ஆங்கிலேயரும் உண்டு. பிளாண்டர்ஸ் முதலான அயல்நாடுகளிலிருந்து வந்த கலைஞரும் உண்டு.

இனி, அத்தகைய படம் ஒன்றைக் காண்போம். முதலில் கண்ணைக் கவர்வது தலைப்புச் சட்டம். பழங்கள், மலர்கள், சுருண்ட பட்டைகள் ஆகிய அணிகள் சூழ, நடுவே கவுண்டியின் பெயர் இலத்தீன் மொழியில் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றோரிடத்தில் அரசியாரின் சின்னம் விளங்கும். வேறோரிடத்தில் செக்போர்டின் குடும்பச் சின்னமும் அதன் கீழ் அவருடைய குறிக்கோள் வாசகமும் காணப்படும். தொடக்கத்தில் வெளிவந்த படங்களில் அவ்வாசகத்தின் பொருள், சோம்பல் தாய்நாட்டுக்குக் கொள்ளைநோய் என்பதாகும். பின் வந்த படங்களில், உழைப்பு இயற்கையை அணிசெய்யும் என்னும் பொருளுடைய வாசகம் அமைந்தது. நாடெங்கும் அலைந்து அளந்தவரின் படத்திற்கு இவை இரண்டும் பொருந்துவனவே.

படத்தின் ஒரு மூலையில் அளவுகோல் இருக்கும். அதன்மேல் விரிந்த கவராயம் ஒன்று நிற்கும். அக்கோலின் துணையால் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தொலைவை அறியலாம். ஆயினும், அக்காலத்தில் மைல் என்பதே இடத்துக்கு இடம் நீண்டும் குறுகியும் வழங்கிற்று. 1760 கெஜம் கொண்டது ஒரு மைல் என்று 1593-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பின்னும், மக்கள் வழக்கு விரைவில் மாறவில்லை. 1695-இல் ராபர்ட் மார்டன் வெளியிட்ட கவுண்டிப் படங்களில் பெருமைல், இடைமைல், சிறுமைல் என மூன்று அளவுகோல்கள் அருகருகே வரையப்பட்டுள்ளன. ஓர் அளவைச் சட்டத்தில் எழுதுவது எளிது. மக்கள் மனத்தில் பதிப்பது அரிது என்பதற்கு அம்மூன்று கோல்களும் சான்றாகும்.

நிலத்தின் தோற்றங்களைக் காட்டும் குறிகள் எளியவை. குன்றுகள் எறும்புப் புற்றுகளைப் போலச் சிறுசிறு மேடுகளாக வரையப்பட்டன. அவற்றின் ஒரு பக்கத்தில் நிழலாகக் கோடுகள் இடப்பட்டன. அங்கே குன்று உண்டு என்பதை அவை தெரிவிக்குமேயன்றி, அதன் உயரம் இத்தனை அடி என்பதைத் தெரிவியா. காடுகள் குட்டி மரங்களின் கூட்டமாகத் தோன்றும். ஆறுகள் இரட்டைக் கோடுகளாக வளைந்து செல்லும். அவற்றின் குறுக்கே இட்ட சிறு கோடுகள் பாலங்களாம். சிற்றூருக்கு ஒரு சிறு வட்டமும் மாதாகோயிலின் கோபுரமும் குறி. பெருநகரமாயின் பல கோபுரங்களும் கட்டடங்களும் நெருங்கி நிற்கும். கடற்பரப்பில் புள்ளிகள் நிறைந்திருக்கும். பாய் விரித்த கப்பல்களும் பெருமீன்களும் அங்கே உலவும். அண்டைக் கவுண்டியின் நிலம் பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டு, அதன் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கும்.

இவற்றிடையே வேலி சூழ்ந்த சிறு வட்டங்கள் பல காணப்படும். அவை செல்வர்கள் வேட்டைக்காக மான்களை வளர்த்த காவற்காடுகள். ஒவ்வொரு காவற்காட்டின் வேலியும் கருத்துடன் வரையப்பட்டுள்ளது. அவ்வேலிக்கு வெளியே உழுது பயிரிட்ட எளியவரின் குடிசைக்கோ அவ்வளவு சிறிய படத்தில் குறி இல்லை. அரசுக்கும் நிலக்கிழாருக்கும் எவை வேண்டியனவோ அவையே படத்தில் முதலிடம் பெற்றன. ஆதலால், நிலப்படத்தில் உள்ளவற்றைக் காண்பதோடு நில்லாமல், இல்லாதவை எவை என்றும் கேட்டறிதல் வேண்டும்.

அவ்வாறு கேட்போருக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. சாக்ஸ்டனின் கவுண்டிப் படங்களில் பாலங்கள் உண்டு, சாலைகள் இல்லை. 1593-இல் மிடில்செக்ஸ் கவுண்டியைப் பற்றி நூல் வெளியிட்ட ஜான் நார்டன் என்பவர் அக்குறையை நீக்கிச் சாலைகளையும் தம் படத்தில் வரைந்தார். சந்தையூர், சிற்றூர், பெருமக்கள் மாளிகை முதலியவற்றுக்குத் தனித்தனிக் குறி வகுத்து, அக்குறிகளின் விளக்கத்தையும் உடன் தந்தார். படத்தின் ஓரங்களில் எழுத்துகளையும் எண்களையும் இட்டு, ஓர் ஊர் எந்தக் கட்டத்தில் உள்ளது என்று எளிதில் கண்டறியவும் வழி செய்தார். இக்காலப் படங்களில் காணும் குறிவிளக்கமும் கட்டமுறையும் ஆங்கிலக் கவுண்டிப் படங்களில் இடம்பெற வழிகாட்டியவர் அவரே. எனினும், பொருள்முட்டு அவரை வாட்டிற்று. நாடு முழுவதற்கும் அவர் திட்டமிட்ட நூல்வரிசையில் மிடில்செக்ஸ், ஹெர்ட்போர்டுஷயர் ஆகிய இரண்டைப் பற்றிய நூல்களே அவர் காலத்தில் அச்சேறின.

அவருக்குப் பின் புகழ்பெற்றவர் ஜான் ஸ்பீடு. அவர் தையல் தொழில் செய்து வாழ்ந்தவர். பல்க் கிரெவில் என்னும் பெருமகனாரின் ஆதரவால் அத்தொழிலை விட்டு வரலாற்று ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1611-ஆம் ஆண்டைத் தாங்கி வந்த அவருடைய படத்தொகுதியில், ஒவ்வொரு கவுண்டிப் படத்தின் மூலையிலும் அக்கவுண்டியின் நகரமைப்பு, பெருமக்களின் சின்னங்கள், பண்டைப் போர்க்களங்கள், பழஞ்சின்னங்கள் எனப் பல செய்திகள் இடம்பெற்றன. வில்ட்ஷயர் படத்தில் ஸ்டோன்ஹெஞ்சு என்னும் பழங்காலக் கல்வட்டம் காட்சியளிக்கிறது. நகரமைப்புப் படங்களுள் பலவற்றை அவரே நேரில் அளந்தார். அவற்றின் அளவுகோல் காலடிக் கணக்கில் அமைந்தது. கவுண்டியின் நில அமைப்புக்கோ அவர் சாக்ஸ்டன், நார்டன் முதலியோரையே பெரிதும் பின்பற்றினார். அதை அவர் மறைக்கவில்லை. பிறர் விளைத்த கதிரைத் தாம் அறுத்ததாகத் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார். முன்னோர் பிழைத்த இடங்களில் பின்னோரும் பிழைக்க இம்முறை இடந்தந்தது. எனினும், பிறர் உழைப்பை மறையாது கூறிய நேர்மை போற்றத்தக்கதே.

கவுண்டிப் படங்கள் அழகுக்காக மட்டும் வரையப்பட்டவை அல்ல. அந்நாளில் ஸ்பெயின் நாட்டின் படையெடுப்பைக் குறித்த அச்சம் இங்கிலாந்தில் நிலவியது. பர்லி பிரபு, சாக்ஸ்டனின் படங்களை அச்சான உடனே வரவழைத்துத் தொகுத்து வைத்தார். தம் கையாலேயே அவற்றில் குறிப்புகள் எழுதினார். தோர்செட் கவுண்டியின் படத்தில், பகைவர் கரையிறங்கக்கூடிய இடங்கள் எவை என்பது குறிக்கப்பட்டுள்ளது. 1588-இல் ஸ்பெயினின் பெருங்கப்பற்படை உண்மையாகவே வந்தது. நாட்டைக் காக்கும் பொறுப்புடையோர் தம் நாட்டின் கரையையும் ஊரையும் முன்னரே அறிந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது அப்போது விளங்கிற்று. பர்லி பிரபு தொகுத்த அவ்வேடு இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

காலம் செல்லச் செல்ல, அளக்கும் முறை திருந்திற்று. 1675-இல் ஜான் ஓகில்பி என்பவர் சாலைகளைச் சக்கரக் கருவியால் அளந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் நீண்ட பட்டைகளாக வரைந்து வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் கவுண்டிகள் புதிதாக அளக்கப்பட்டன. 1791-இல் தோன்றிய அரசாங்க நில அளவைத் துறை, 1801-இல் கென்ட் கவுண்டியின் படத்தை முதன்முதலாக வெளியிட்டது. அதன் பின் பழைய படங்களைக் கொண்டு வழி தேடுவோர் அருகினர்.

ஆயினும், பழைய படங்களின் பயன் ஒழிந்துவிடவில்லை. ஹண்டிங்டன்ஷயரின் பழைய படங்களில் விட்டில்சி என்னும் பேரேரி பரந்து கிடக்கிறது. 1851-இல் அந்த ஏரியின் நீர் இறைக்கப்பட்டது, ஏரி விளைநிலமாயிற்று. சபோக் கவுண்டியின் கரையில் டன்விச் என்னும் ஊரைச் சாக்ஸ்டன் குறித்துள்ளார். ஒரு காலத்தில் பெருந்துறைமுகமாய் விளங்கிய அவ்வூரின் பெரும்பகுதி அலைகளால் அரிக்கப்பட்டுக் கடலுள் மறைந்தது. ஒரு சிற்றூரே எஞ்சியது. ஏரி எங்கிருந்தது, கரை எதுவரை நீண்டிருந்தது என்று ஆராய்வோருக்கு அப்படங்களே சான்று கூறுகின்றன.

ஒரு பழைய நிலப்படத்தைக் கையில் எடுப்போர் சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இதை வரைந்தவர் யார்? பொருள் தந்தவர் யார்? நேரில் அளந்தாரா, பிறர் படத்தைப் பார்த்து எழுதினாரா? எவற்றைக் காட்டினார்? எவற்றை விடுத்தார்? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோருக்குப் பழுப்பேறிய அத்தாள் ஒரு நாட்டின் வரலாறாக விரியும். அவ்விடையைத் தேடும் பழக்கம், நிலப்படத்தைப் படிப்பதற்கே அன்றி, எந்த நூலைப் படிப்பதற்கும் துணைநிற்கும்.