கையெழுத்து வாங்கும் முன்

பார்மசியோ நர்சிங்கோ முடித்துவிட்டு கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டராகச் சேர்ந்திருக்கிறீர்களா? சீக்கிரமே உங்கள் தலையில் விழப்போகும் வேலை, ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது. பழங்குடியினரோ சிறுபான்மையினரோ அதிகம் வாழும் பகுதி என்றால், “அவங்க வர மாட்டாங்க, விழிப்புணர்வு கிடையாது” என்று சீனியர் ஒருவர் கட்டாயம் சொல்வார். தலையாட்டாதீர்கள். அவர்கள் தயங்குவதற்கு வலுவான காரணங்கள் உண்டு.

அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுச் சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பழங்குடிச் சிறுமிகள் பலருக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோர் கையெழுத்து இல்லை, விடுதி வார்டன் கையெழுத்துதான் இருந்தது. 2010இல் அரசு அதை நிறுத்தியது. ஆகவே களத்தில் இறங்கும் முன், அந்த ஊருக்கு இதற்கு முன் யார் வந்தார்கள், என்ன சொல்லிவிட்டு என்ன செய்தார்கள் என்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் விசாரியுங்கள்.

அடுத்து, மக்களை மருத்துவமனைக்கு வரச்சொல்லாமல் ஆய்வை அவர்களிடம் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவர் ரொனால்ட் விக்டரின் குழு இதைச் செய்துகாட்டியது. உயர் ரத்த அழுத்தமுள்ள 319 கறுப்பின ஆண்களை அவர்கள் சேர்த்தது 52 சலூன்களில். முடிவெட்டுபவரே பேச்சை ஆரம்பிப்பார். ஒரு பிரிவுக் கடைகளுக்கு மருந்தாளுநர் நேரில் வந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்து எழுதித் தருவார். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று முடிவெட்டுபவர் சொன்னதோடு நின்ற கடைகளில் இறங்கியது சுமார் 9 புள்ளி. 2018இல் வெளியான இந்த முடிவில் எனக்குப் பெரிதாகப் படுவது, ஆறு மாதமும் பெரும்பாலோர் விலகாமல் இருந்ததுதான். விளம்பரப் பலகை வைத்து இதைச் சாதிக்க முடியாது.

உங்கள் ஊரில் அந்த இடம் டீக்கடையாக இருக்கலாம், ஜமாஅத்தாக இருக்கலாம், மகளிர் சுயஉதவிக் குழுவாக இருக்கலாம். ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேளுங்கள், அது மரியாதை. ஆனால் ஊருக்காக அவர் தலையாட்டினால் போதாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முழுநேரமும் கூட இருக்க வேண்டும் என்பது விதி. படிவத்தைப் படித்துக் காட்டியபின் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “வீட்டுல போய் இதை எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை துளியும் குறையக் கூடாது.

பஸ் காசும் இழந்த கூலியும் கொடுப்பது லஞ்சமாகாது. நெறிமுறைக் குழுவிடம் தொகையைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

ஆய்வு முடிந்ததும் அதே ஊருக்குத் திரும்பிப் போய், என்ன கண்டுபிடித்தோம் என்று அவர்கள் பேசும் மொழியில் சொல்லுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். அந்தப் பயணச் செலவைத் திட்ட வரைவிலேயே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசியில் கேட்டால் பணம் இருக்காது.