பழைய எஸ்யூவிக்கு உண்மையான வயது என்ன?

உங்கள் மாமா 11 ஆண்டு ஓடிய எஸ்யூவி ஒன்றை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மாலை அதை சிராங்கூன் சாலைக்கு ஓட்டிவருகிறார். தேக்கா பக்கம் இடம் தேடி இரண்டு சுற்று சுற்றி, ஒருவழியாக நிறுத்துகிறார். வண்டி பளபளவென்று இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் மீட்டரில் 180,000 கிலோமீட்டர்.

“டிசம்பர் லீவுக்கு இதுலயே எல்லாரும் கேமரன் மலைக்குப் போயிடலாம்” என்கிறார் மாமா.

போகலாமா? அந்த மீட்டரை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

சோதனையில் தேறினால் போதாதா?

சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ‘சிஓஇ’ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். இந்த முறை 1990ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரு சான்றிதழ் 10 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் வண்டியின் பதிவை நீக்கிவிட வேண்டும். அப்படிப் புதுப்பிக்கப்பட்ட கார்கள் பல கைமாறி விற்கப்படுகின்றன. மாமா வாங்கியதும் அத்தகைய ஒன்றுதான்.

10 ஆண்டைத் தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங், புகை ஆகியவற்றை அங்கே பார்க்கிறார்கள். இது அவசியமான சோதனை. ஆனால் அன்றைக்கு பிரேக் பிடிக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும். பிரேக் திரவம் எத்தனை ஆண்டு பழையது, இன்ஜினுக்குள் இருக்கும் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதையெல்லாம் சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது வண்டியை வாங்கியவரின் பொறுப்பு.

மீட்டர் எண்ணாத மணிகள்

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 180,000 கிலோமீட்டரை சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்திருந்தால், இன்ஜின் ஓடிய நேரம் 3,000 மணி. சராசரி வேகம் 30 கிலோமீட்டர் என்றால் 6,000 மணி. இரண்டு வண்டியிலும் மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் ஒன்றின் இன்ஜின் மற்றதைவிட இரு மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. போக்குவரத்து விளக்கில் நிற்கும்போதும், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

குறுகிய பயணத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் இன்ஜின் எண்ணெயில் கலக்கிறது. இன்ஜின் நெடுநேரம் சூடாக ஓடினால் அந்த நீர் ஆவியாகி வெளியேறிவிடும். பக்கத்துக் கடைக்குப் போய் உடனே திரும்பினால் எண்ணெயிலேயே தங்கிவிடும். இதனால்தான் நெரிசலிலும் குறுந்தூரத்திலும் ஓடும் வண்டிகளுக்கு எண்ணெயைச் சீக்கிரம் மாற்றும்படி தயாரிப்பாளர்களின் கையேடுகள் கூறுகின்றன.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் தோராயமாக இரு மடங்காகும். ரப்பர் குழாய் இறுகி வெடிப்பதும், பேட்டரி தேய்வதும் அத்தகைய வினைகளால்தான். வண்டி நிறுத்தியே இருந்தாலும் அவை நிற்பதில்லை. ஆகவே கிலோமீட்டர், இன்ஜின் ஓடிய மணி, கடந்த ஆண்டுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் ஒரு வண்டியின் வயதைக் கணக்கிட வேண்டும்.

மலை இறங்கும்போது என்ன நடக்கிறது?

இப்போது மாமாவின் பயணத்துக்கு வருவோம். ஆட்களும் பெட்டிகளும் ஏறியபின் எஸ்யூவியின் நிறை 2,000 கிலோகிராம் என்று கொள்வோம். விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகிறது. இயக்க ஆற்றல் = ½ × 2,000 × 25 × 25 = 625,000 ஜூல். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. 30 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்.

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா நகரம் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சமவெளிக்கு வர ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்க வேண்டும். நிலை ஆற்றல் = 2,000 × 10 × 1,400 = 28,000,000 ஜூல். இது விரைவுச்சாலையில் 45 முறை முழு வேகத்திலிருந்து நிற்பதற்குச் சமம்! காற்றின் தடையும் இன்ஜினும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்குக்குத்தான். அதனால்தான் இறக்கத்தில் குறைந்த கியரில் வரச் சொல்கிறார்கள்.

பிரேக்கின் சூடு பிரேக் திரவத்துக்கும் பரவுகிறது. கடைகளில் இதை ‘பிரேக் ஆயில்’ என்று கேட்டு வாங்கினாலும் பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைச் சேர்மம். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ‘டாட் 4’ என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிதான்.

திரவம் கொதித்தால் என்ன ஆகும்? பாஸ்கல் விதியைப் படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். திரவத்தை எளிதில் அமுக்க முடியாது என்பதால்தான் மாமாவின் கால் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஆவியை எளிதில் அமுக்கிவிடலாம். குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டானால், கால் அழுத்துவது குமிழைச் சுருக்கவே செலவாகிவிடும். பிரேக் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. சோதனை நாளில் நன்றாகப் பிடித்த அதே பிரேக் மலையில் கைவிடுவது இப்படித்தான்.

முதல் வாரப் பட்டியல்

முன்தடுப்புப் பராமரிப்பு என்பது கெட்டபின் மாற்றாமல், கெடும் முன் மாற்றுவது. பழைய வண்டிக்கு ஒரு எளிய விதி: எழுத்தில் சான்று இல்லாத வேலை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்தானதை முதலில் கவனிக்க வேண்டும்.

1. பிரேக் திரவம்: பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிரேக் பட்டைகளின் தடிமனையும் பார்க்க வேண்டும்.

2. டயர்: பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழையதாக இருக்கலாம். பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

3. டைமிங் பெல்ட்: வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட இது உதவுகிறது. அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து நொறுக்கிவிடும். கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு கெடு இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. சில இன்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருக்கும்.

4. கூலன்ட்: ரேடியேட்டர் மூடி, குக்கர் மூடியைப் போல அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை 120 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. கூலன்டில் துருத்தடுப்பு வேதிப்பொருளும் உண்டு. அது நாளாக நாளாகத் தீர்ந்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

5. எண்ணெய்கள்: இன்ஜின் எண்ணெயும் அதன் வடிகட்டியும் முதலில். பிறகு கியர்பெட்டி. நான்கு சக்கரத்துக்கும் விசை செல்லும் எஸ்யூவி என்றால் முன்பின் அச்சுகளின் கியர்களுக்கும் தனித்தனி எண்ணெய் இருக்கலாம். பலரும் மறப்பது இதைத்தான்.

சிங்கப்பூர் கார் கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குப் போகும்போது பெட்ரோல் கலன் முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரிகள் அந்த முள்ளைப் பார்ப்பார்கள். பிரேக் திரவத்தின் வயதை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டியவர் நீங்கள். “மாமா, பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?” என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், கேமரன் மலைக்கு முன் பட்டறைக்குப் போகட்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு அல்லது உறவினர் வண்டியின் நான்கு டயர்களிலும் உள்ள 4 இலக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த டயருக்கு வயது அதிகம்? அதே வண்டி 1,500 கிலோகிராம் நிறையுடன் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? (விடை: 300,000 ஜூல்)